குடும்பத்தில் யாருக்காவது…

நான் ஒருவரிடம் கேட்கும் முதல் கேள்வியும் காப்பீட்டு நிறுவனத்தின் விண்ணப்பப் படிவம் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா? மரபணு ஆலோசகராகச் சென்னை மருத்துவமனைகளில் பல வருடம் இதைக் கேட்டுக் கேட்டு, பதிலின் தொனியை வைத்தே வீட்டில் பாலிசிப் பேச்சு ஓடுகிறதா என்று ஓரளவு ஊகிக்கப் பழகிவிட்டேன். பாலிசி நினைப்பே இல்லாதவர்கள் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். ஏஜென்டிடம் பேசிவிட்டு வந்தவர்கள், "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்று முடித்துவிடுவார்கள்.

எங்கள் வேலையில் ரத்தத்துக்கு முன்னால் காகிதம். சோதனைக்கு அனுப்புமுன் வம்சப் படம் ஒன்று வரைவோம். எங்களுக்குள் பெடிகிரி என்போம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு, எங்களைத் தேடி வந்தவருக்கு ஓர் அம்புக்குறி. சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் சொந்தத்துக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்ப நல ஆய்வே சொல்கிறது. ஆகவே என் படங்களில் இரட்டைக் கோட்டுக்குப் பஞ்சமில்லை. அக்கா மகளைக் கட்டிய தாய்மாமனை வரையச் சொன்னால் வெளிநாட்டு மென்பொருள் திணறும். நான் இன்னும் பென்சிலைத்தான் நம்புகிறேன்.

தகவல் தருவதில் பாட்டிகளை மிஞ்ச ஆளில்லை. "பெரியவன் வயலுக்குப் போனான், வரப்புல விழுந்தான், தூக்கிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. முப்பத்தஞ்சுகூட இருக்காது." இப்படி ஒரு வாக்கியம் பல ஆயிரம் ரூபாய்ச் சோதனைக்குச் சமம். ஆனால் பாட்டி பேசப் பேச, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேரன் நெளிவான். கொஞ்ச நேரத்தில் கேட்பான்: "மேடம், இதெல்லாம் எங்க எழுதுவீங்க? ஃபைல்ல போகுமா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. என் எதிரில் இருப்பவர் ஒருவர். என் தாளில் இருப்பவர்கள் இருபது பேர். திருப்பூரில் இருக்கும் சித்தி மகனுக்கு, தன் அம்மாவின் புற்றுநோய் சென்னையில் ஒரு தாளில் கறுப்பு வட்டமாக ஏறியிருப்பது தெரியாது. சர்க்கரை அளவு ஒருவருடைய சொந்த விவகாரம். மரபணு முடிவு அப்படியில்லை. அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் பழுது என்று அறிக்கை வந்தால், தங்கையைப் பற்றியும் அது பாதி பேசிவிடுகிறது. தங்கை இன்னும் எங்கள் வாசலையே மிதிக்கவில்லை.

இதயத் தசை காரணமில்லாமல் தடித்துப்போகும் நோய் ஒன்று உண்டு, ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. இளம் விளையாட்டு வீரர்கள் மைதானத்தில் சரிந்து விழும் செய்திகளில் சிலவற்றுக்குப் பின்னால் இருப்பது இதுதான். பெரும்பாலான குடும்பங்களில், பெற்றோரில் ஒருவரிடம் அந்த மரபணு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்கூட்டித் தெரிந்தால் மருந்து, கண்காணிப்பு, தேவைப்பட்டால் நெஞ்சுக்குள் பொருத்தும் அதிர்ச்சிக் கருவி என்று வழிகள் இருக்கின்றன. தெரிந்துகொள்வதால் லாபமுள்ள நோய் என்பதால் கூடப்பிறந்தவர்களையும் சோதனைக்கு வரச்சொல்வோம். காப்பீட்டுப் பயம் குறுக்கே வந்து நிற்பதும் இங்கேதான்.

திண்டுக்கல் பக்கத்து அண்ணன் தம்பி இருவர். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அண்ணன் பஸ்ஸைப் பிடிக்க ஓடி மயங்கி விழுந்து, எக்கோ எடுத்ததில் நோய் தெரிந்தது, மரபணுச் சோதனையும் அதை உறுதி செய்தது. தம்பியை வரச்சொன்னேன். வந்தான். படித்தவன், கையில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"டெஸ்ட் எடுக்கிறேன் மேடம். ஆனா ஹெல்த் பாலிசியும் டேர்ம் பாலிசியும் போட்டுட்டு எடுக்கிறேன். வீட்டு லோனும் இருக்கு. இப்ப எடுத்து பாசிட்டிவ்னு வந்தா எவன் குடுப்பான்?"

எங்கள் பாடப் புத்தகங்களில் இதற்கு நேரான பதில் கிடையாது. அமெரிக்க ஆலோசகர்கள் ஆயுள் காப்பீட்டைச் சோதனைக்கு முன்பே யோசித்துக்கொள்ளச் சொல்வது சாதாரணம். நான் அவனிடம் சொன்னது இது. எடுக்காத சோதனையின் முடிவை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது, எழுத வேண்டியதுமில்லை. ஆனால் அண்ணனுக்கு இதய நோய் என்பது நடந்த விஷயம். படிவம் குடும்ப வரலாற்றைக் கேட்டால் உள்ளதை எழுது. காப்பீடு என்பது முழு நம்பிக்கையின் மேல் போடும் ஒப்பந்தம் என்று சட்டம் பார்க்கிறது. மறைத்தது பின்னால் தெரிந்தால், வருடக்கணக்காகக் கட்டிய பிரீமியம் ஒருபுறம் இருக்க, கிளெய்ம் விழும். ஆயுள் பாலிசியை மூன்று வருடத்துக்குப் பிறகு கேள்வி கேட்க முடியாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. மருத்துவப் பாலிசிக்கு அதுபோன்ற காலவரையை 2024-இல் எட்டு வருடத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள். மோசடி நிரூபணமானால் மருத்துவப் பாலிசிக்கு அந்தக் காப்பும் இல்லை. அந்த ஐந்து வருடம் நெஞ்சில் பயத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டாம் என்றேன். இன்னொன்றையும் சொன்னேன்: பாலிசி வரும்வரை வெறித்தனமாக ஷட்டில் ஆடாதே.

அவன் உள்ளதை எழுதினான். நிறுவனம் தன் செலவில் எக்கோ எடுக்கச் சொன்னது. எக்கோ சுத்தம். இருந்தும் அண்ணன் பெயரால் பிரீமியம் கூடுதலாகப் போட்டார்கள். அதைக் கட்டிவிட்டு என்னிடம் வந்து ரத்தம் கொடுத்தான். அண்ணனின் மரபணு மாற்றம் தம்பிக்கு வரவில்லை. இதை எழுதி, கூடுதல் பிரீமியத்தை நீக்குங்கள் என்று நான் கடிதம் கொடுத்தேன். அதற்கெல்லாம் நடைமுறை இல்லை என்று பதில் வந்தது. தனக்கு வராத நோய்க்கு அவன் இன்னும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறான். பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்களும் அரசும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, சாதகமான முடிவை விரும்பினால் காட்டலாம். பாதகமானதைக் கேட்டு வாங்கக் கூடாது, ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுள் காப்பீட்டில் ஹண்டிங்டன் நோய் மட்டும் விலக்கு. ஒருதலைப்பட்சம் என்று தோன்றலாம். அந்தத் தம்பியைப் பார்த்த பிறகு எனக்கு அது சரியென்றே படுகிறது.

இதே நோய்தான் டெல்லி உயர்நீதிமன்றம் வரை போனது. ஜெய் பர்காஷ் தாயல் என்பவர் 2000-இல், சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா நிறுவனத்தில் மெடிக்ளெய்ம் எடுத்துப் புதுப்பித்து வந்தவர். முந்தைய சிகிச்சைகளுக்குப் பணம் கிடைத்திருந்தது. 2011-இல் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தபோது, மரபணுக் கோளாறுகளுக்குக் காப்பீடு இல்லை என்ற பிரிவைக் காட்டி மறுத்தார்கள். 2018 பிப்ரவரியில் நீதிபதி பிரதிபா எம். சிங் தீர்ப்பளித்தார். மரபணுக் கோளாறு என்று பொத்தாம் பொதுவாக எழுதி வைத்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் எல்லாமே அதற்குள் வந்துவிடும். அப்படியொரு விலக்கு சமத்துவ உரிமைக்கு விரோதம் என்றது தீர்ப்பு. அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை விட்டது: இனி அந்த விலக்கைக் காட்டி கிளெய்மை மறுக்காதீர்கள், புதிய பாலிசிகளில் எழுதாதீர்கள். விலக்குப் பிரிவின் செல்லுபடி பற்றிய பகுதியை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நிறுத்தி வைத்தாலும், சுற்றறிக்கை நிலைத்துவிட்டது.

எங்கள் துறையில் அன்று இனிப்பு வழங்காத குறை. நானும் மகிழ்ந்தேன், ஆனால் தீர்ப்பை இரண்டாம் முறை படித்தபோது ஒரு வரி உறுத்தியது. நிறுவனங்கள் நியாயமான காரணிகளை வைத்து ஒப்பந்தம் அமைத்துக்கொள்ளலாம், அவை சோதனை, தரவு ஆகியவற்றின் மேல் நிற்க வேண்டும் என்கிறது அது. தெளிவில்லாத விலக்கை அடித்தது தீர்ப்பு. நாளைக்கு மரபணுச் சோதனை மலிவாகி, துல்லியமான தரவு என்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவனம் வந்து நின்றால்? அப்புறம், சுற்றறிக்கை கிளெய்மைப் பற்றியும் பாலிசியின் வாசகத்தைப் பற்றியும் பேசுகிறதே தவிர, பாலிசியே கொடுக்காமல் இருப்பதைப் பற்றிப் பேசவில்லை. கூடுதல் பிரீமியத்தைப் பற்றியும் பேசவில்லை. விலக்கு போனது, படிவத்தில் கேள்வி அப்படியே இருக்கிறது.

துல்லியமான தரவு என்கிறார்களே, அதற்கு நம் வீட்டுக் கதை ஒன்று. இதயத் தசைப் புரதம் ஒன்றை உண்டாக்கும் எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விட்டுப்போன ஒரு மாற்றம் உண்டு. 2009-இல் பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் அதை நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது: தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் அது இருக்கிறது, இதயம் பலவீனமாகும் ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. நூற்றுக்கு நான்கு என்றால் கோடிக்கணக்கில் ஆட்கள். அன்று ஒரு காப்பீட்டு நிறுவனம் அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு பிரீமியம் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. முதல் தரமான அறிவியல். 2018-இல் இன்னோர் ஆய்வு, அந்த மாற்றம் உள்ளவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் இருப்பதைக் கண்டது. ஆபத்தில் பெரும் பங்கு அந்த இரண்டாவதற்குப் போகலாம் என்றார்கள். அப்படியானால் மற்ற ஒன்பது பேரை என்ன சொல்வது? ஒன்பது வருடத்தில் அறிவியல் தன் பேச்சைத் திருத்திக்கொண்டது, அதுதான் அதன் அழகு. பாலிசித் தாளில் ஏறிய பிரீமியம் தானாகத் திருந்துமா?

இதைவிடத் தினசரித் தலைவலி ஒன்று உண்டு. சோதனைக்கூட அறிக்கைகள் ஒரு மாற்றத்தை ஐந்து வகையில் ஒன்றாகப் போடும். ஒரு முனையில் நோய் தருவது, மறுமுனையில் தீங்கற்றது, நடுவில் பொருள் தெளியாதது. நம் ஆட்களுக்கு இந்த நடு வகை அதிகம் வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத் தொகுப்புகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையவை. ஜீனோம் இந்தியா திட்டம் பத்தாயிரம் பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து 2025 ஜனவரியில் தரவைத் திறந்துவிட்ட பிறகு நிலைமை மெல்ல மாறும். அதுவரை, பொருள் தெளியாத மாற்றம் என்பதற்கு நான் கொடுக்கும் அர்த்தம் 'ஒன்றும் சொல்வதற்கில்லை'. காப்பீட்டு நிறுவனத்துக்காக டி.பி.ஏ. அலுவலகத்தில் உட்கார்ந்து கிளெய்ம் பார்க்கும் ஒருவர் அதே வரியில் 'மாற்றம்' என்பதை மட்டும் படிக்கிறார்.

ஆகவே என் தொழிலில் சட்டம் செய்ய வேண்டிய பாதுகாப்பைப் பேனாதான் செய்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் எது போக வேண்டும் என்று இளம் டாக்டர்களோடு நான் போட்ட சண்டை கொஞ்சமல்ல. அண்ணனின் சம்மரியில் நோயின் பெயர், தசையின் தடிமன், கொடுத்த மருந்து எல்லாம் இருக்கட்டும். "தம்பிக்கும் மகனுக்கும் 50 சதவீத வாய்ப்பு, பரிசோதிக்கவும்" என்று அவர்கள் பெயரோடு ஏன் அதில் எழுத வேண்டும்? அது அப்படியே கிளெய்மோடு போய்ச் சேரும் காகிதம். உறவினர்களுக்கான கடிதத்தைத் தனியாக, நோயாளியின் கையில், அவர் விரும்பினால் கொடுக்கும்படி கொடுப்போம். வம்சப் படம் என் கோப்பில். பொதுக் கோப்பில் ஒரு வரிச் சுருக்கம் மட்டும். மறைப்பதற்காக அல்ல. சிகிச்சைக்கு வேண்டியது எல்லாம் சம்மரியில் இருக்கிறது, சிகிச்சைக்கு வேண்டாதது இல்லை, அவ்வளவுதான். ஒரு டாக்டர், "மேடம், நீங்க நோயாளிக்கு வக்கீலா?" என்றார். பகுதி நேரமாக, என்றேன்.

வேலை கொடுப்பவர்கள் விஷயம் வேறு மாதிரி. காப்பீட்டில் இருப்பது கணக்கு. வேலை இடத்தில் பெரும்பாலும் நல்லெண்ணம். எனக்கு அதைக் கண்டால் கூடுதல் பயம். ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு நிறுவனம் ஊழியர் நல முகாமில் இலவச மரபணுச் சோதனை வைத்தது. குழாயில் எச்சில் துப்பினால் போதும். ஆலோசனைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எச்.ஆர். பெண் மிக நல்லவர். "தனி நபர் முடிவு எங்களுக்கு வராது மேடம், டீம் வாரியா மொத்தக் கணக்குதான்" என்றார். ஒரு டீமில் எத்தனை பேர் என்றேன். சிலவற்றில் எட்டு, ஒன்பது. எட்டுப் பேர் டீமில் இரண்டே பெண்கள்; அதில் மார்பகப் புற்று ஆபத்து ஒன்று என்று கணக்கு வந்தால், டீ குடிக்கப் போகுமுன் யாரென்று தெரிந்துவிடும். விருப்பமுள்ளவர்கள் மட்டும் என்றார்கள், ஆனால் வந்தவர்களுக்குப் பரிசுப் புள்ளி உண்டாம். வராதவர் பட்டியல் தானாக உருவாகிவிடும். டீம் கணக்கைக் கைவிட்டார்கள். புள்ளியைக் கைவிடவில்லை.

நீலகிரியில் வேறொன்று. அரிவாள் செல் (சிக்கில் செல்) என்ற ரத்த நோயின் மரபணு இந்தியாவில் இருப்பதை லேமனும் கட்புஷும் 1952-இல் முதலில் எழுதியது நீலகிரிப் பழங்குடிகளைப் பார்த்துத்தான். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அந்நோய் ஒழிப்பு இயக்கம், நாற்பது வயதுக்கு உட்பட்ட ஏழு கோடிப் பேரைச் சோதிப்பதை இலக்காக வைத்தது. சோதித்தவர்களுக்கு அட்டை. மரபணு ஒன்று மட்டும் உள்ளவர் நோயாளி அல்ல, கடத்துபவர். அவரும் அட்டையோடு இருக்கிறார். சமவெளியில் ஒரு பஞ்சாலையின் நல அலுவலர் ஒருநாள் போனில் கேட்டார்: "மேடம், இந்தப் பொண்ணு சிக்கில் செல் அட்டை வெச்சிருக்கு. நைட் ஷிப்ட் போடலாமா? எதுக்கு வம்புன்னு ஊருக்கு அனுப்பிடலாம்னு பாக்கறேன்." அந்தப் பெண் கடத்துபவர் மட்டுமே, என்னையும் அந்த அலுவலரையும் போல வேலை செய்யக்கூடியவர். அட்டையை யார் கேட்டது என்றேன். யாரும் கேட்கவில்லை. சேரும்போது மருத்துவக் காகிதம் ஏதாவது கொண்டு வா என்றார்களாம்; அவரிடம் அரசாங்க முத்திரையோடு இருந்த ஒரே மருத்துவக் காகிதம் அதுதான். பெண் வேலையில் நீடித்தார். நல அலுவலரும் கெட்டவரில்லை. போன் செய்து கேட்டாரே. கேட்காதவர்கள் எத்தனை பேரோ.

அமெரிக்காவில் இதே மரபணுவை வைத்து நடந்ததைப் படித்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங், கடத்துபவர்கள் ஒருவரையொருவர் மணந்துவிடாமலிருக்க நெற்றியில் பச்சை குத்தலாம் என்று 1968-இல் எழுதினார். நல்லெண்ணம்தான். கடத்துபவர்களான கறுப்பின இளைஞர்களை அந்த நாட்டு விமானப்படைக் கல்லூரி 1981 வரை சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு, வேறொரு மரபணுவை வைத்து, பர்லிங்டன் நார்தர்ன் சான்டா ஃபே ரயில்வே: மணிக்கட்டு வலியென்று இழப்பீடு கேட்ட தொழிலாளர்களின் ரத்தத்தில், அவர்களுக்குத் தெரியாமல் மரபணுச் சோதனை செய்தார்கள். வலிக்குக் காரணம் வேலையா பிறப்பா என்று பார்க்கும் ஆசை. ஒருவரின் மனைவி செவிலியர். மணிக்கட்டு வலிக்கு இத்தனை குப்பி ரத்தம் எதற்கு என்று அவர் சந்தேகப்பட்டதில் விஷயம் வெளியே வந்தது. 2002-இல் நிறுவனம் 22 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. 2008-இல் ஜினா என்ற சட்டம் வந்தது: மருத்துவக் காப்பீட்டாளரும் வேலை கொடுப்பவரும் மரபணுத் தகவலைக் கேட்கவோ பயன்படுத்தவோ கூடாது. குடும்ப வரலாறும் மரபணுத் தகவல்தான் என்று அந்தச் சட்டம் எழுதி வைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். என் பென்சில் படத்துக்கும் அங்கே காப்பு உண்டு. ஆனால் ஆயுள் காப்பீடு, முதுமைப் பராமரிப்புக் காப்பீடு இரண்டையும் தொடாமல் விட்டுவிட்டது. பதினைந்து பேருக்குக் குறைவான நிறுவனங்களையும்தான். கனடா 2017-இல் இன்னும் அகலமாக ஒரு சட்டம் போட்டது. 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைக் காப்பாற்றியது.

நம்மிடம் என்ன இருக்கிறது? எச்.ஐ.வி. உள்ளவர்களை வேலையிலும் காப்பீட்டிலும் பாகுபடுத்தக் கூடாது என்று 2017-இல் தனிச் சட்டம் போட்ட நாடு இது. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே மாதிரி காப்பீடு தர வேண்டும் என்று அதே ஆண்டு இன்னொரு சட்டத்தில் எழுதிய நாடு. எழுதத் தெரியாமல் இல்லை. மரபணுவுக்கு மட்டும் அப்படியொரு சட்டம் இல்லை. ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் கொடுத்த தரவுப் பாதுகாப்பு வரைவில் மரபணுத் தரவு தனிக் கவனம் வேண்டிய ஒன்றாக இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. என் மரபணுவும் என் செருப்பு அளவும் அதில் ஒரே தராசில். போதாததற்கு 7-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு: வேலை தொடர்பான காரியங்களுக்கும், வேலை கொடுப்பவரை நட்டத்திலிருந்து காப்பதற்கும், ஊழியரின் சம்மதம் இல்லாமலே அவர் தரவைக் கையாளலாம். தொழில் ரகசியம் காப்பது போன்ற உதாரணங்களைத்தான் அதில் கொடுத்திருக்கிறார்கள், மரபணுவை நினைத்து எழுதியதாகத் தெரியவில்லை. ஆனால் மருத்துவச் செலவும் நட்டம்தானே என்று ஒரு வக்கீல் எழுந்து நின்றால் என்ன சொல்வது?

நீதிமன்றங்களை நம்பலாம் என்பார்கள். நம்பலாம், காலம் பிடிக்கும். நிறக் குருடு, பெரும்பாலும் பிறப்பிலேயே மரபணு வழியாக வருவது. தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வாகி, நிறக் குருடு என்று மருத்துவச் சோதனையில் தள்ளப்பட்ட இளைஞர் ஒருவருக்கு, பொருத்தமான பிரிவில் வேலை கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. விண்ணப்பித்த காலத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவில் ஓடிய வருடங்களை யார் கொடுப்பார்கள்? அதுவும் அவருக்கு இருந்தது கண்ணில் தெரியும் ஒரு குறை. நான் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னும் ஒன்றுமே வரவில்லை.

காப்பீட்டாளர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அண்டர்ரைட்டிங்கில் வெகுகாலம் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரோடு இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். "உனக்குத் தெரியும், எனக்குத் தெரியக் கூடாதுன்னா, தெரிஞ்சவன் எல்லாம் அஞ்சு கோடிக்குப் பாலிசி போடுவான்மா. சீட்டுல முதல் மாசமே எடுத்துட்டு ஓடுற மாதிரி. மிச்ச பேர் தலையிலதான் விடியும்" என்பார். பெரிய தொகை ஆயுள் காப்பீட்டில் அவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டிஷ்காரர்கள் தொகைக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது அதனால்தான். மருத்துவக் காப்பீட்டில் ஒப்ப முடியவில்லை. இதயத்தில் பழுது வரலாம் என்று தெரிந்தவர் சிகிச்சைக்கு மேல் எதையும் எடுத்துக்கொண்டு ஓட முடியாது. தெரியாமலிருந்தால் அதே சிகிச்சை அவசரப் பிரிவில், பல மடங்கு செலவில் நடக்கும்.

ஒரு வேடிக்கை உண்டு. என்னிடம் வருபவர்களில் மிக ஏழைகளுக்கு இந்தப் பயமே இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் இருக்க வேண்டும், குடும்ப அட்டை வேண்டும். உன் அப்பாவுக்கு என்ன வந்தது என்று அந்தப் படிவம் கேட்பதில்லை. அட்டை வைத்திருக்கும் அம்மா ஒருவர், தன் அக்கா, தங்கை, பெரியம்மா மகள் என்று எல்லோருடைய நோயையும் ஒன்று விடாமல் சொல்லி, "எல்லாத்தையும் எழுதிக்கோ கண்ணு" என்றார். அவருடைய வம்சப் படம்தான் என்னிடம் இருப்பதிலேயே முழுமையானது. மாதச் சம்பளக்காரர் வீட்டுப் படங்களில் பாதிக் கட்டங்கள் கேள்விக்குறியோடு நிற்கும்.

சட்டம் வரும்வரை என்று சொல்லிக்கொண்டு, வேலை செய்யும் இடத்துச் சம்மதப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கக் கேட்டேன்: இந்த முடிவை உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உங்களுக்கு வேலை கொடுப்பவருக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ தரமாட்டோம். சட்டப் பிரிவிலிருந்து எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டு வந்தது. சட்டமில்லை, நமக்கும் நோயாளிக்கும் நடுவில் ஒப்பந்தமாக இருக்கட்டும் என்றேன். நீதிமன்ற உத்தரவு இருந்தாலன்றி என்ற சொற்களைச் சேர்த்து ஒப்புக்கொண்டார்கள். இப்போது படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். பெண் பிள்ளை வைத்திருக்கும் அம்மாக்கள் மட்டும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்: "கம்பெனி, இன்சூரன்ஸ் சரிம்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து கேட்டா?" அவர்களுக்கும் தரமாட்டோம் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். போன முறை படிவம் அச்சுக்குப் போனபோது, உறவினர், திருமண வரன் தேடுவோர் என்று அதையும் சேர்த்துவிட்டேன். சட்டப் பிரிவு இந்த முறை எதுவும் கேட்கவில்லை.